டபுள் கிளிக் செய்த கோப்பு எங்கே போனது? ஏற்கெனவே ஓடும் செயலிக்குக் கோப்பு போய்ச் சேராதபோது

செயலி ஏற்கெனவே திறந்திருக்கிறது. பயனர் இன்னொரு கோப்பை டபுள் கிளிக் செய்கிறார். அது அதே சாளரத்தில் புதுத் தாவலாகத் திறக்க வேண்டும். பயனர் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். ஆனால் விண்டோஸிலும், லினக்ஸின் பெரும்பாலான செயலிகளிலும் உள்ளே நடப்பது வேறு. செயலி உண்மையில் இரண்டாவது முறையாகத் தொடங்குகிறது. தொடங்கியதும், தனக்கு முன்பே ஒன்று ஓடுகிறதா என்று பார்க்கிறது. ஓடினால், கையில் இருக்கும் கோப்பின் பாதையை அதனிடம் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றை ப்ராசஸ் என்பார்கள். முதலில் ஓடுவதை இந்தக் கட்டுரையில் மூத்த ப்ராசஸ் என்றும், கோப்பைக் கொண்டுவருவதை இளைய ப்ராசஸ் என்றும் சொல்கிறேன்.

"ஒன்றுதான் ஓட வேண்டும்" என்ற பூட்டைப் போடுவது பத்து வரி வேலை. அதோடு முடிந்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறோம். பிழைகள் இருப்பது அதற்குப் பிறகு வரும் கைமாற்றத்தில். எலக்ட்ரானிலும் அதற்கு முன் க்யூட்டியிலும் (இரண்டும் கணினிச் செயலிகளை எழுத உதவும் கருவித்தொகுப்புகள்) ஒரு குறிப்பேட்டுச் செயலி எழுதியதில் இவற்றை ஒவ்வொன்றாகச் சந்தித்தேன். அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில் ஒரு பதிவுக் கோப்பு

இளைய ப்ராசஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் செத்துவிடும். அதற்குள் டீபக்கரை (பிழை தேடும் கருவியை) இணைக்க முடியாது, அது கன்சோலில் எழுதுவதைப் படிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே நிரலின் முதல் வரியிலேயே, பூட்டைக் கேட்பதற்கு முன்பே, ஒரு கோப்பில் இவற்றை எழுத வையுங்கள்: நேரம், ப்ராசஸ் எண், கட்டளை வரியில் வந்த ஒவ்வொரு சொல்லும் தனித்தனி வரியில் மேற்கோள் குறிக்குள், எந்தக் கோப்புறையிலிருந்து இயங்குகிறது என்பது, பூட்டு கிடைத்ததா இல்லையா. பதிவுக் கோப்பின் பெயரிலேயே ப்ராசஸ் எண்ணைச் சேர்த்துவிட்டால் இரண்டின் வரிகளும் கலக்காது. மூத்த ப்ராசஸ் தனக்கு வந்து சேர்ந்ததை எந்த மாற்றமும் செய்யாமல் எழுத வேண்டும். பிறகு சாளரத்துக்கு அனுப்பியதையும் எழுத வேண்டும்.

இந்தப் பதிவு கையில் இருந்தால் கேள்வி சிறியதாகிவிடும். இளைய ப்ராசஸுக்கே பாதை சரியாக வரவில்லையா? அது கொடுத்தது மூத்ததற்குக் கிடைக்கவில்லையா? கிடைத்தும் சாளரம் வாங்கவில்லையா? எல்லாம் நடந்தும் பயனரின் கண்ணுக்குத் தெரியவில்லையா? இந்த நான்கில் எது என்று தெரியாமல் நிரலைத் திருத்தத் தொடங்கினால் நாள் முழுக்கப் போய்விடும்.

சாளரம் முன்னால் வருகிறது, கோப்பு மட்டும் வரவில்லை

பதிவில் பாதை மூத்த ப்ராசஸ் வரை வந்திருந்தால், வாங்கியதை அது படிக்கத் தவறுகிறது. எலக்ட்ரானில் செகண்ட்-இன்ஸ்டன்ஸ் என்ற நிகழ்வின் வழியாக இளையதன் கட்டளை வரி ஒரு பட்டியலாக வரும். எடுத்துக்காட்டு நிரல்கள் பலவற்றில், அந்த நிகழ்வில் சாளரத்தை முன்னால் கொண்டுவரும் வரிகள் மட்டும்தான் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தால் கோப்பைத் திறக்கச் சொல்லும் வரியே உங்கள் நிரலில் இருக்காது.

அந்த வரி இருந்தும் திறக்கவில்லை என்றால், பட்டியலில் எத்தனையாவது இடத்தை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். நிரலாக்கும்போது முதலில் எலக்ட்ரான், அடுத்தது ஒரு புள்ளி, மூன்றாவதுதான் கோப்பு. பயனருக்குத் தரும் தொகுப்பிலோ முதலில் செயலி, இரண்டாவதே கோப்பு. இதோடு, எலக்ட்ரானின் உள்ளே இருக்கும் உலாவி எஞ்சினான குரோமியம் தனக்கு வேண்டிய சில சுவிட்சுகளையும் பட்டியலில் சேர்த்துவிடும். வரிசை மாறலாம் என்று எலக்ட்ரானின் ஆவணமே எச்சரிக்கிறது. எனவே எண்ணை வைத்து எடுக்காதீர்கள். பூட்டைக் கேட்கும் அழைப்பிலேயே கூடுதல் தரவு என்று ஒன்றை அனுப்ப இடம் இருக்கிறது. இளைய ப்ராசஸ் தன் கட்டளை வரியைத் தானே பிரித்து, சுத்தமான பாதைகளை அதில் வைத்து அனுப்பட்டும். மூத்தது அதை மட்டும் படிக்கட்டும். இதற்கு மாறிய பிறகு என் செயலியில் இந்த வகைப் புகார் நின்றுபோனது.

கோப்பு மேலாளரிலிருந்து திறந்தால் வருகிறது, டெர்மினலில் பெயரைத் தட்டினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறதா? சார்புப் பாதைதான் காரணம். டெர்மினலில் நின்ற கோப்புறை இளைய ப்ராசஸுக்கு மட்டும் தெரியும். மூத்தது காலையில் வேறெங்கிருந்தோ தொடங்கியது. வெறும் பெயரைக் கொடுத்தால் அது தன் கோப்புறையில் தேடும். அங்கே அதே பெயரில் இன்னொரு கோப்பு இருந்துவிட்டால் இன்னும் மோசம், தவறான கோப்பு திறந்துவிடும். பயனர் அதில் எழுதிச் சேமித்தும் விடுவார். அனுப்பும் முன்பே இளையது முழுப் பாதையாக்கிவிட வேண்டும்.

பதிவில் இளைய ப்ராசஸுக்கே பாதை துண்டுதுண்டாக வந்திருந்தால், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கோப்பு வகைக்கான கட்டளையைப் பாருங்கள். அதில் கோப்பின் பாதை வந்து அமரும் %1 மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் "ஆண்டு அறிக்கை" என்ற பெயர் இடைவெளியில் உடைந்து இரண்டு கோப்புகளாகிவிடும்.

மேக்கில் இந்தப் பகுதியின் பெரும்பாலானவை பொருந்தாது. ஃபைண்டரில் டபுள் கிளிக் செய்தால் இரண்டாவது ப்ராசஸே பிறப்பதில்லை. இயங்குதளம் ஓடும் செயலிக்கு ஆப்பிள் ஈவென்ட் ஒன்றை அனுப்புகிறது, கட்டளை வரியில் எதுவும் இருக்காது. எலக்ட்ரானில் அது ஓபன்-ஃபைல் நிகழ்வாகவும், க்யூட்டியில் ஃபைல்-ஓபன் ஈவென்ட் ஆகவும் வரும். விண்டோஸில் நன்றாக ஓடிய நிரலை மேக்குக்குக் கொண்டுபோனதும் "எந்தக் கோப்பும் திறக்கவில்லை" என்றால், இந்த நிகழ்வுக்குக் கேட்பானை நீங்கள் வைக்கவே இல்லை என்று பொருள்.

செயலி மூடியிருக்கும்போது மட்டும் கோப்பு வரவில்லை

இரண்டாவது டபுள் கிளிக்கில் சரியாகத் திறக்கிறது, முதல் கிளிக்கில் வெறும் சாளரம் மட்டும் வருகிறது. இங்கே கைமாற்றத்தில் குறையில்லை, வாங்குபவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மேக்கில் ஓபன்-ஃபைல் நிகழ்வு, செயலி 'ரெடி' ஆவதற்கு முன்பே வந்துவிடும். ரெடி ஆன பிறகு கேட்கத் தொடங்கினால் அது போனது போனதுதான். நிரலின் மேல்மட்டத்திலேயே கேட்பானை வையுங்கள். எல்லா இயங்குதளங்களிலும் வரும் இன்னொரு சிக்கல்: மெயின் ப்ராசஸ் தயார், ஆனால் சாளரத்தின் உள்ளே இருக்கும் பக்கம் இன்னும் ஏறவில்லை. அந்த நேரத்தில் அனுப்பும் செய்தியை யாரும் வாங்க மாட்டார்கள், பிழைச் செய்தியும் வராது. தீர்வு ஒரு காத்திருப்புப் பட்டியல். எந்த வழியாக வந்தாலும் பாதைகளை அதில் போடுங்கள். பக்கம் ஏறி, தன் கேட்பான்களைப் பதித்துவிட்டு, "நான் தயார்" என்று தானே சொன்னதும் பட்டியலைக் காலி செய்யுங்கள். இரண்டு விநாடி டைமர் வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அந்த இரண்டு விநாடி போதாது, உங்கள் கணினியில் அது தெரியவும் தெரியாது.

பத்துக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் சில மட்டுமே திறக்கின்றன

கணக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் பன்னிரண்டு ரசீதுக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினார். ஒன்பது திறந்தன. எந்த மூன்று விடுபட்டன என்று அவருக்குத் தெரியாது, வந்தவற்றை வைத்துக் கூட்டல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இந்த அறிகுறியைத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாக நினைக்கிறேன். எதுவுமே திறக்காவிட்டால் பயனருக்குத் தெரிந்துவிடும், குறைவாகத் திறந்தால் தெரிவதில்லை.

விண்டோஸ் எக்ஸ்புளோரர், ரெஜிஸ்ட்ரியில் எழுதிய சாதாரணக் கட்டளையாக இருந்தால், தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ப்ராசஸைத் தொடங்கும். பன்னிரண்டு கோப்புக்குப் பன்னிரண்டு இளைய ப்ராசஸ்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில். செயலி மூடியிருந்தால் அவற்றில் ஒன்று மூத்தது ஆகிறது, மற்ற பதினொன்றும் அதன் கதவைத் தட்டுகின்றன. பூட்டை எடுத்துவிட்டு, செய்தி வாங்கும் சாக்கெட்டை அது இன்னும் திறக்காத இடைவெளியில் வருபவை இணைப்பு கிடைக்காமல் கோப்போடு செத்துப்போகின்றன. பூட்டு எடுத்த அடுத்த வரியிலேயே சாக்கெட்டைத் திறக்க வேண்டும். அமைப்புகளைப் படிப்பது, எழுத்துருக்களை ஏற்றுவது எல்லாம் அதன் பிறகு. இளையதும் முதல் தோல்வியில் கைவிடாமல் சிறு இடைவெளி விட்டுப் பல தடவை முயல வேண்டும்.

பதினைந்துக்கு மேல் தேர்ந்தெடுத்தால் வலது கிளிக் மெனுவில் 'திற' என்பதே காணாமல் போகிறதா? அது உங்கள் பிழை இல்லை. இத்தகைய கட்டளைகளுக்கு எக்ஸ்புளோரர் வைத்திருக்கும் வரம்பே 15. எல்லாக் கோப்புகளையும் ஒரே அழைப்பில் வாங்க வேண்டுமென்றால், விண்டோஸின் காம் (COM) என்ற இணைப்பு முறை வழியாக டிராப் டார்கெட் அல்லது டெலிகேட் எக்ஸிக்யூட் பதிவுக்குப் போக வேண்டும்.

லினக்ஸில், செயலியை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் டெஸ்க்டாப் கோப்பின் எக்ஸெக் வரியைப் பாருங்கள். சதவீதக் குறியை அடுத்துச் சிறிய 'எஃப்' இருந்தால் கோப்புக்கு ஒரு ப்ராசஸ். பெரிய 'எஃப்' இருந்தால் எல்லாப் பாதைகளும் ஒரே ப்ராசஸுக்கு வரும். அந்த ஓர் எழுத்தை மாற்றினாலே பல செயலிகளில் இந்தச் சிக்கல் ஓய்ந்துவிடும்.

சாக்கெட்டை நீங்களே எழுதியிருந்தால் இதையும் சோதியுங்கள். சாக்கெட்டுக்குச் செய்தி எங்கே முடிகிறது என்று தெரியாது. அனுப்பியது ஒரே தடவை என்றாலும் வாங்கும் பக்கம் பாதியாக வரலாம், இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். க்யூட்டியில் 'ரெடி ரீட்' சமிக்ஞை வந்ததும் இருப்பதை எல்லாம் படித்து அதையே ஒரு பாதை என்று எடுத்துக்கொள்ளும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை அனுப்பி, அத்தனை பைட் சேரும் வரை காத்திருங்கள்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் மட்டும் திறக்கவில்லை

ஆங்கிலப் பெயருள்ள கோப்புகளை மட்டும் வைத்துச் சோதிக்கும் யாருக்கும் இந்தப் பிழை தெரியவே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் நாம்தான். மூன்று விதமாக வரும்.

பதிவில் பாதை முழுக்கக் கேள்விக்குறிகளாக இருந்தால்: விண்டோஸில் பழைய ஆன்சி முறையில் தமிழுக்கென்று ஒரு குறியீட்டுப் பக்கமே கிடையாது, யூனிகோடு மட்டும்தான். சி அல்லது சி++ நிரலில் சாதாரண மெயின் வழியாகக் கட்டளை வரியை வாங்கினால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், அதிலிருந்து மீட்கவே முடியாது. அகல எழுத்து வடிவத்தில் கட்டளை வரியைக் கேளுங்கள். அல்லது விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, செயலியின் மேனிஃபெஸ்டில், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை அறிவிக்கும் வழியும் இருக்கிறது.

பாதையின் வால் வெட்டுப்பட்டிருந்தால்: நீளத்தை எழுத்து எண்ணிக்கையில் அனுப்புகிறீர்கள், வாங்கும் பக்கம் அதைப் பைட்டாக எடுத்துக்கொள்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோடு குறியெண்கள் 5. யூடிஎஃப்-16-இல் அது 10 பைட், யூடிஎஃப்-8-இல் 15 பைட். ஆங்கிலத்தில் யூடிஎஃப்-8-க்கு எழுத்தும் பைட்டும் ஒன்றே என்பதால் சோதனையில் தப்பிவிடும். ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு அனுப்பும் விண்டோஸின் காப்பிடேட்டா செய்தியிலும் நீளம் கேட்கும் இடத்தில் பைட்தான் தர வேண்டும். லினக்ஸில் யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதைக்கு 108 பைட்தான் இடம். தமிழில் பெயரிட்ட கோப்புறைக்குள் ஆழமாகச் சாக்கெட்டை வைத்தால் அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும்.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பை மறுபடி டபுள் கிளிக் செய்தால் அதே தாவலுக்குப் போகாமல் இன்னொரு தாவல் திறக்கிறது, அதுவும் சில பெயர்களுக்கு மட்டும். 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, சரத்துக்குச் சரம் ஒப்பிட்டால் வேறு வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். அங்கிருந்து பென் டிரைவிலோ ஜிப்பிலோ வந்த கோப்புகளில் இது அடிக்கடி தெரியும். ஒப்பிடும்போது மட்டும் இரு பக்கத்தையும் யூனிகோடு இயல்பாக்கம் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். கோப்பைத் திறக்கும்போது வந்த பாதையை வந்தபடியே பயன்படுத்துங்கள். லினக்ஸில் மாற்றிய பெயரைக் கொடுத்தால் கோப்பு இல்லை என்றே பதில் வரும்.

இரண்டு செயலிகள் ஓடுகின்றன

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் டீபக் கட்டமைப்பில் சரியாக ஓடி, ரிலீஸில் மட்டும் சிறிது நேரம் கழித்து இரண்டாவது சாளரம் திறந்தால், பூட்டாகப் பயன்படும் ம்யூடெக்ஸைப் பிடித்திருக்கும் மாறியை, நினைவகத்தைக் காலி செய்யும் குப்பை சேகரிப்பான் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த மாறி ஒரு செயல்கூற்றின் உள்ளே இருந்து, பிறகு யாரும் அதைத் தொடாவிட்டால் இப்படி ஆகும். ஸ்டாட்டிக் மாறியாக வையுங்கள்.

ஒன்று நிர்வாகி உரிமையோடும் மற்றது சாதாரணமாகவும் ஓடினால், இரண்டாவதற்கு 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற 183-ஆம் எண் பிழைக்குப் பதிலாக 'அனுமதி இல்லை' என்ற 5-ஆம் எண் வரலாம். 183-ஐ மட்டும் சோதிக்கும் நிரல் தன்னையே மூத்தது என்று நினைத்துக்கொள்ளும். எலக்ட்ரானில், பயனர் தரவுக் கோப்புறையை மாற்றும் வரி பூட்டைக் கேட்கும் வரிக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு அந்தக் கோப்புறையைச் சார்ந்தது. எலக்ட்ரானைப் போன்ற டாரியில் சிங்கிள் இன்ஸ்டன்ஸ் செருகுநிரலை எல்லாவற்றுக்கும் முதலாவதாகப் பதிய வேண்டும்.

கோப்பு திறந்துவிட்டது, சாளரம் டாஸ்க்பாரில் மினுக்குவதோடு சரி

பின்னணியில் இருக்கும் ப்ராசஸ் தானாக முன்னால் பாய்வதை விண்டோஸ் அனுமதிக்காது, அது நியாயமான தடை. பயனர் சற்றுமுன் தொடங்கியது இளைய ப்ராசஸை என்பதால், முன்னால் வரும் உரிமை அதனிடம் இருக்கிறது. சாவதற்கு முன் அது 'அலோ செட் ஃபோர்கிரவுண்ட் விண்டோ' என்ற அழைப்பில் மூத்ததன் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து அந்த உரிமையை மாற்றித் தர வேண்டும். லினக்ஸின் வேலண்ட் திரை அமைப்பிலும் இதே கதைதான். தொடங்கும்போது சூழல் மாறியாக வரும் ஆக்டிவேஷன் டோக்கனைப் பாதையோடு சேர்த்து அனுப்புங்கள். ஜிடிகே கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் ஜிஅப்ளிகேஷனைப் பயன்படுத்தினால் அது தானே பார்த்துக்கொள்ளும். கோப்பு திறப்பதற்கான கொடியை அதில் போட மறந்தால் மட்டும், கோப்பு திறக்க முடியாத செயலி என்று மறுத்துவிடும்.

எதுவுமே நடக்கவில்லை

கிளிக் செய்கிறார், சுட்டி ஒரு நொடி சுழல்கிறது, அமைதி. முதலில் டாஸ்க் மேனேஜரில் சாளரமே இல்லாமல் ஒரு மூத்த ப்ராசஸ் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடும்போது சிக்கிக்கொண்டது அது, பூட்டு இன்னும் அதன் கையில்தான். அதை முடித்துவிட்டால் செயலி திறக்கும். பிறகு அது ஏன் மூடவில்லை என்று தேடுங்கள்.

அப்படி எதுவும் ஓடவில்லை என்றால் பழைய பூட்டின் எச்சம். குரோமியம் வழி வந்த செயலிகள் லினக்ஸில் தரவுக் கோப்புறையில் 'சிங்கிள்டன் லாக்' என்று ஒரு குறியிணைப்பை வைக்கும். அது கணினியின் பெயரையும் ப்ராசஸ் எண்ணையும் சுட்டும். அதே கணினி என்றால் செத்த ப்ராசஸை அதுவே கண்டுகொள்ளும். கணினியின் பெயர் இடையில் மாறியிருந்தால் வேறொரு கணினி பிடித்து வைத்திருப்பதாக எண்ணித் திறக்க மறுத்துவிடும். எந்தப் ப்ராசஸும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு அந்த இணைப்பை நீக்கலாம். க்யூட்டியின் லோக்கல் சர்வரும் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் செயலி நொறுங்கினால் சாக்கெட் கோப்பை விட்டுச் செல்லும். அடுத்த தடவை 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கும். கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். முதலில் இணைந்து பாருங்கள், யாரும் எடுக்காவிட்டால் மட்டும் நீக்குங்கள்.

ஒரே கணினியில் இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் நுழைந்திருக்கும்போது இரண்டாமவருக்கு மட்டும் திறக்கவில்லையா? ம்யூடெக்ஸின் பெயருக்கு முன்னால் 'குளோபல்' என்று இருக்கும். 'லோக்கல்' ஆக்குங்கள். மூத்தது நிர்வாகி உரிமையில் ஓடினால், சாதாரண உரிமையில் வரும் இளையதன் காப்பிடேட்டா செய்தியை விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இயங்குதளமே தடுக்கிறது. அந்தச் சாளரத்துக்கு அந்தச் செய்தியை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி அழைப்பு விண்டோஸ் 7-இலிருந்து உண்டு. ஆனால் குறிப்பேட்டுக்கு நிர்வாகி உரிமை எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எல்லாவற்றிலும் ஒரு பழுது பொதுவாக இருக்கும். இளைய ப்ராசஸ் கோப்பை அனுப்பிவிட்டு, வாங்கினார்களா என்று பார்க்காமலே வெளியேறுகிறது. மூத்தது கோப்பைத் தன் பட்டியலில் போட்டதும் ஒரு பதில் அனுப்பட்டும். அது வரும் வரை இளையது காத்திருக்கட்டும், ஐந்து விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால், "செயலி பதில் தரவில்லை, இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று கோப்பின் முழுப் பெயரோடு ஒரு சிறு சாளரத்தைக் காட்டி, அதைப் பயனர் மூடிய பிறகே வெளியேற வேண்டும்.